பாரிஸ் மகனின் கொட்டாஞ்சேனைக் கை

அத்தியாயம் ஐந்து

“காணாமப் போனவன் கதைக்கிறான், பாருங்க” என்று சொல்லிச் சட்டத்தரணி நிம்றா தன் போனை மேசையில் வைத்தாள்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஜூஸ் கடைக்கு மேல்மாடியில் ஸவாஹிரின் ஒபிஸ். கரையோர ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பை தானாக நகரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொய் கிளெய்ம் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர் ஸவாஹிர். எரியாத கடைகளும் சாகாத மனிதர்களும் அவருக்குப் பழக்கம். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வருமானம் அந்த ஜூஸ் கடைக்கும் கீழே.

அவருடைய உதவியாளர் சுபோதினி. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளின் பின்புறம், பீப்பாய் உருட்டியவருக்கு மகளாகப் பிறந்தவள். விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் பதியும் ஸ்டூடியோவில் வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளியைப் பற்றி ஒரு வசனம் கூடுதலாக எழுதியதில் அந்த வேலை போனது.

போனில் தடித்த குளிர்க் கோட்டோடு ஒரு ஆள் தெரிந்தான். முப்பத்தைந்து வயது சொல்லலாம். இடது புருவத்துக்கு மேல் பழைய தழும்பு. பின்னால் நீலப்பூப் போட்ட திரைச்சீலை.

“அம்மா, நான் அபிஷன். பாரிசில சுகமா இருக்கிறன். ரெண்டாயிரத்தி எட்டுக் கடைசியில வள்ளத்தில இந்தியாவுக்குப் போய், அங்கயிருந்து இஞ்ச வந்தனான். ஆமி என்னைப் பிடிக்கவே இல்லை அம்மா. வழக்கை நிப்பாட்டுங்கோ. என்னைத் தேடாதேங்கோ.”

“அருமையான பிள்ளை” என்றாள் சுபோதினி. “இவ்வளவு வருசம் கழிச்சுத் தாயோட கதைக்கிறான். சாப்பிட்டியளா எண்டு ஒரு சொல்லு இல்லை. நேரா வழக்குக்குப் போயிட்டான்.”

நிம்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கட்சிக்காரர் நாகேஸ்வரி. அவருடைய மகன் அபிஷன், இரண்டாயிரத்தி ஒன்பதில் சண்டை முடிந்த அந்த வைகாசி மாதத்தில், ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாலத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிடம் சரணடைந்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. தாய் ஆட்கொணர்வு மனுப் போட்டார். என் பிள்ளையைக் கொண்டுபோனீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள். மனுவில் இருப்பது இவ்வளவுதான். அன்று பாலத்தடிக்குப் பொறுப்பாக இருந்தவர் இப்போது ஓய்வுபெற்ற பிரிகேடியர். அவர்தான் வழக்கில் எதிர்க்கட்சி.

“இவ்வளவு காலமா என்ன செல்றாங்க?” என்று ஸவாஹிர் கேட்டார்.

“அப்பிடி ஒரு ஆளைப் பிடிக்கவே இல்லயாம். சரணடைஞ்சவங்கட பட்டியல் கேட்டா, பட்டியலே இல்லயாம். படம் எடுத்தீங்களா எண்டு கேட்டா, படமும் இல்லயாம். இருந்தாலும் காட்ட ஏலாதாம், தேசிய பாதுகாப்பாம்.”

“இல்லாத சாமானுக்குப் பூட்டு” என்றாள் சுபோதினி. “எங்கட வீட்டு அலுமாரி மாதிரி.”

“சுபோ, பகிடி இல்ல இது. அவன் இயக்கத்தில இருந்தானா இல்லயா எண்டது கேள்வியே இல்ல. கையைத் தூக்கினவன் மேல கை வெக்க ஏலாது. எந்த நாட்டு யுத்தச் சட்டத்திலயும் அது குற்றம். கையேற்றவன் ஆளைக் காட்டோணும், இல்லாட்டி என்ன செஞ்ச எண்டு செல்லோணும். அதுக்குப் பயந்துதான் ‘கையேற்கவே இல்ல’ எண்ட ஒரே சொல்ல வெச்சிட்டு நிக்கிறாங்க. அந்தச் சொல் உடைஞ்சா பிரிகேடியர் வீட்டில தூங்க மாட்டாரு. நாளைக்குக் காலைல இந்த வீடியோவ மன்றில போடப் போறாங்க. ஆள் பாரிசில எண்டு நீதவான் நம்பினா வழக்கு முடிஞ்ச.”

“தாய் என்ன செல்றா?”

நிம்றா பெருமூச்சு விட்டாள். “மூணு தரம் பாத்தா. பொறகு, ‘போடட்டும் பிள்ளை, கோர்ட்டில எல்லாரும் பாக்கப் போடட்டும்’ எண்டு சென்னா. நம்பிட்டா, ஸவாஹிர் நானா. பொய் எண்டு இண்டைக்குள்ள காட்டித் தாங்க. அந்தப் பக்கத்துப் பெரிய சட்டத்தரணிட முகத்தில எறிஞ்சா, பயந்து வீடியோவ வாபஸ் வாங்குவாரு.”

ஸவாஹிர் போனை எடுத்தார். “சத்தத்தை நிப்பாட்டு.”

சத்தமில்லாமல் பார்த்தார். மறுபடி பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் அந்த ஆள் ஒரு கணம் தடுமாறினான். வலது கை தானாக மேலே போனது. நெற்றியைத் தொட்டது, நெஞ்சுக்கு இறங்கியது, இடது தோள் பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் திடீரென்று நினைவு வந்தவன் போல, கை கோட்டுக் கொலரைப் பிடித்துச் சரிசெய்தது.

“குளிர் போல” என்றாள் சுபோதினி.

“குளிரில கழுத்து வேர்க்குமா? பார், கொலர் நனைஞ்சி ஈக்கி. திரைச்சீலை ஆடுது. பாரிஸ் குளிர்ல எவன் ஃபேன் போட்டுட்டுக் கோட்டுப் போடுவான்?” ஸவாஹிர் போனைத் திருப்பி வைத்தார். “ஆனா ஃபேன் முக்கியமில்ல. கை முக்கியம். மணிச் சத்தம் கேட்டிருக்கான்.”

“வீடியோவில மணி இல்லையே?”

“சத்தத்தைத் தொடைச்சிட்டானுவள். கையைத் தொடைக்க மறந்திட்டானுவள். என்ட பொண்டாட்டி சண்டை பிடிச்சிட்டு ஈக்கக்குள்ள பள்ளிவாசல்ல வாங்கு சென்னா, கை போய் முக்காட்டை இழுக்கும். சண்டை நிக்காது, கை மட்டும் போகும். இவன் வேதக் கோயில் பகல் மணிக்குச் சிலுவை போட்டுப் பழகின ஆள். நாகேஸ்வரிட மகன் சைவம்.”

நிம்றா போனைத் தன் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தாள்.

“முகம் கம்ப்யூட்டர்ல ஒட்டினது” என்றார் ஸவாஹிர். “முகத்துக்குக் கீழ ஈக்கிற ஆள் ஒரு கத்தோலிக்கன். கோயிலுக்குப் பக்கத்தில ஈக்கிறவன். ஆரெண்டுதான் தெரியா.”

“எனக்குத் தெரியும்” என்றாள் சுபோதினி.

இருவரும் திரும்பினார்கள்.

“முதல் தரம் கேக்கேக்கயே காது அரிச்சது. அந்த ‘அம்மா’வை எழுதினதே நான்தான். சவர்க்கார விளம்பரம். ‘அம்மா, என்ர சேர்ட்டு!’ எண்டு கத்துவான். நாடகத்து யாழ்ப்பாணத் தமிழ். சொந்தத் தமிழ் வேற. ஆள் லெஸ்லி ஜெயகுமார், கொட்டாஞ்சேனை.”

“அப்பவே செல்லிருக்கலாமே?”

“நீங்கள் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தியள் நானா. நல்லா இருந்தது. குழப்ப விரும்பேல்லை.”

•

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்து லொறிகள் ஊரை அரைத்துக்கொண்டு போகும். புழுதி எல்லாருக்கும் பொது. பெரிய கோயிலின் நிழல் விழும் தெருவில், லெஸ்லியின் அக்கா புளோறன்ஸ் சோத்துப் பார்சல் கடை வைத்திருந்தாள். பகல் வியாபாரம் தொடங்கும் நேரம். பெரிய சட்டியில் மீன்கறி கொதித்தது.

லெஸ்லி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாண வீட்டில் மைக் பிடிப்பவன், திருவிழாவில் அறிவிப்புச் செய்பவன், ஆறு சவர்க்காரங்களின் குரல். சுபோதினியைக் கண்டதும் எழும்பினான்.

“அட, வசனக்காரம்மா! எங்க இந்தப் பக்கம்?”

“உன்னைத் தேடித்தான். இவர் ஸவாஹிர் நானா. படம் எடுக்கப் போறார். பாரிசில இருக்கிற மகன் ஒருத்தன்ர பாத்திரம்.”

லெஸ்லியின் சிரிப்பு அரைவாசியில் நின்றது. “பாரிஸா? எனக்கு அந்த மாதிரி எல்லாம் வராது.”

“ஏன், கோட்டுப் போட்டா வேர்க்குமா?” என்றாள் சுபோதினி.

ஸவாஹிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். மெதுவாகக் குடித்தார். லெஸ்லி திருவிழா, மைக், மழை என்று வேகமாகப் பேசிக்கொண்டே போனான். பேசுகிறவனை நிறுத்தத் தேவையில்லை. கோயில் மணி இருக்கிறது.

மணி அடித்தது.

புளோறன்ஸ் அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். லெஸ்லி, “அந்த ஒலிபெருக்கிக்காரன் இருக்கானே...” என்று சொல்லிக்கொண்டிருந்தவன், வசனத்தை நிறுத்தாமலே கையைத் தூக்கினான். நெற்றி, நெஞ்சு, இடது தோள். எதிரில் இரண்டு பேர் தன் கையையே பார்ப்பதைக் கண்டான். கை சேர்ட்டுக் கொலரைப் பிடித்தது.

“அதே கை” என்றார் ஸவாஹிர்.

“அதே கொலர்” என்றாள் சுபோதினி. “கோட்டுத்தான் இல்லை.”

லெஸ்லி கதிரையிலிருந்து எழும்ப முயன்றான். ஸவாஹிர் அவன் தோளில் கையை வைத்தார். பலமாக வைக்கவில்லை. கிளெய்ம்காரர்களின் தோளில் வைத்த கை, எடை தெரியும்.

“மேல உன்ட அறையா? வா, காட்டு.”

மாடியறையில் மூலையில் ஒரு ஃபேன். ஜன்னலில் நீலப்பூப் போட்ட திரைச்சீலை.

“பாரிஸ் எங்க எண்டு சனம் சல்லி கட்டி ஏஜென்சிக்குப் பின்னால அலையுது” என்றாள் சுபோதினி. “சோத்துக்கடைக்கு மேல தொங்குது.”

லெஸ்லி கட்டிலில் விழுந்தாற்போல உட்கார்ந்தான். “அண்ணே, நீங்க சிஐடியா?”

“இல்ல. அதைவிட மோசம். நாங்க கேக்கிறதுக்குப் பதில் வேணும். ஆர் கூட்டிட்டு வந்த?”

“பேரு சொல்லல. ஹெவ்லொக் டவுன்ல ஒரு மீடியா கம்பெனின்னாங்க. வெளிநாட்டு விழாவுக்குக் குறும்படமாம். கோட்டையும் அவங்களே கொண்டு வந்தாங்க. எல்லாம் முடிஞ்ச பொறகு பெரிய ஆள் ஒருத்தர் சொன்னாரு, இது தேசிய பாதுகாப்பு வேலை, வெளிய வாயத் தொறந்தா பயங்கரவாதத் தடைச் சட்டம்னு.”

“நல்ல குறும்படம்” என்றாள் சுபோதினி. “பரிசு கிடைக்காட்டியும் சிறை கிடைக்கும்.”

“நா பயந்துட்டேன்மா. அந்தச் சட்டத்துல உள்ள போனவன் எப்ப வெளிய வருவான்னு யாருக்குத் தெரியும்?”

அது பொய்யில்லை. ஸவாஹிர் குரலைத் தணித்தார். “முகம் எங்கால வந்த? எந்தப் படத்த வெச்சி ஒட்டினானுவள்?”

“கம்ப்யூட்டர் வேலை செஞ்சவன் முதல்ல ஒரு படம் வெச்சிருந்தான். காணாமப் போனவங்களுக்கான போராட்டத்துல அந்த அம்மா புடிச்சிருப்பாங்கள்ல, மட்டையில ஒட்டுன படம், அதுலருந்து எடுத்தது. மங்கலா இருக்கு, வேலைக்காகாதுன்னான். நல்ல படம் வேணும்னு கத்தினான். அடுத்த நாள் பெரிய ஆள் வேறொன்னு கொண்டு வந்தாரு. பளிச்சுன்னு இருந்திச்சு.”

“எப்பிடிப் படம்?”

“மேல சட்டை இல்லாம ஒரு பையன். செவத்துல சாஞ்சி நிக்கிறான். நெஞ்சுல நம்பர் போட்ட பலகைய ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கான். புருவத்துக்கு மேல தையல் போட்டிருந்திச்சு. கறுப்பு நூல். அந்தத் தையலப் பழைய தழும்பாக்கிட்டாங்க. அத எடுத்துடலாமான்னு கம்ப்யூட்டர்க்காரன் கேட்டான். பெரிய ஆள் வேணான்னாரு. தழும்பு இருந்தாத்தான் அம்மா அடையாளம் காணும்னாரு.”

சுபோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் வரவில்லை. ஸவாஹிருடன் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அது முதல் தரம்.

படிக்கட்டில் சத்தம். புளோறன்ஸ் கையில் அகப்பையோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“என் திரைச்சீலைக்கு முன்னால நின்னுகிட்டா?” என்றாள். “ஒரு தாய் பெத்த புள்ளையோட மொகத்தப் போட்டுக்கிட்டு, தேடாதன்னு சொன்னியா? கோயில் மணி அடிக்கும்போதாடா சொன்ன?”

“அக்கா, எனக்குத் தெரியாதுக்கா...”

“தெரியாதவன் ஏன் ரெண்டு நாளா சாப்பிடல?” அகப்பை அவன் முதுகில் இறங்கியது. மீன்கறி சுவர் வரை தெறித்தது. அவள் ஸவாஹிரிடம் திரும்பினாள். “எங்க வந்து சொல்லணும்? கோர்ட்டுக்கா? நா கூட்டிட்டு வாரேன். ஓடினா இவனுக்கு இந்த வீட்ல சோறில்ல.”

ஜெனீவாவில் கோட்டுப் போட்டவர்கள் கூடிக் கூடித் தீர்மானம் நிறைவேற்றியும் கிடைக்காத சாட்சி, கொட்டாஞ்சேனையில் ஒரு அகப்பைக்கு வந்தது.

•

நாகேஸ்வரி வெள்ளவத்தையில் ஒரு மெஸ்ஸின் பின்பக்க அறையில் இருந்தார். அந்த மெஸ்ஸுக்கு இடியப்பம் பிழிவதுதான் வேலை. மூவரும் போனபோது மாவு குழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், இருக்கச் சொன்னார், கையை நிறுத்தவில்லை.

நிம்றாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அம்மா, வீடியோ பொய். நடிச்சவனைக் கண்டுபிடிச்சிட்டாங்க. நான் இப்பவே அவங்கட சட்டத்தரணிக்குக் கோல் எடுக்கப் போறேன். நாளைக்கு அதைப் போடவே மாட்டாங்க.”

“எடுக்காதேங்கோ” என்றார் நாகேஸ்வரி.

“என்னத்துக்கு?”

“போடட்டும் எண்டுதானே சொன்னனான்.”

“அம்மா, அது உங்கட மகன் இல்ல.”

நாகேஸ்வரி மாவுக் கையை உதறினார். “பிள்ளை, நான் பெத்தனான். எனக்குத் தெரியாதா? வாய் திறந்த உடனேயே தெரியும். என்ர பிள்ளை இப்பிடி மேடையில கதைக்கிற மாதிரிக் கதைக்க மாட்டான். குரல் பொய், கதை பொய், கோட்டுப் பொய். முகம் மட்டும் அவன்ர. அதுதான் மூண்டு தரம் பாத்தனான்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?” என்று சுபோதினி கேட்டாள்.

“சொன்னா நீங்கள் கத்துவியள். கத்தினா அவங்கள் ஒளிச்சுப்போடுவாங்கள்.” அவர் இடியப்ப உரலுக்குள் மாவை அடைத்தார். “பாலத்தடிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னம்தான் செல் விழுந்து வெடிச்சு, துண்டு ஒண்டு அவன்ர புருவத்தைக் கிழிச்சது. என்ர சீலையைக் கிழிச்சுக் கட்டிவிட்டனான். அந்தக் கட்டோடதான் பஸ்ஸில ஏறினவன். அதுக்கு முதல் எடுத்த படம் எதிலயும் அந்தக் காயம் இல்லை. என்ர கையில இருக்கிற படத்திலயும் இல்லை. அந்த வீடியோவில எப்பிடி வந்தது?”

மெஸ் பக்கம் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

ஸவாஹிர் மெதுவாகச் சொன்னார். “பஸ்ஸில ஏறினதுக்குப் பொறகு எடுத்த படம். நம்பர் பலகையோட. லெஸ்லி கண்ணால கண்டிருக்கான்.”

“வழக்கு மனுவில காயம் எண்டு நான் எழுதியே ஈக்கிறேன்” என்றாள் நிம்றா. அவள் குரல் மாறியிருந்தது. “முதல் பக்கத்திலயே. இவ்வளவு வருசமா எதிர்த்து வாதாடுறவங்க அதை ஒரு தரம் கூட வாசிக்கல்ல.”

“ஏன் வாசிக்கோணும்?” என்றாள் சுபோதினி. “பதில் முதலே தயார். கேள்வியை வாசிக்கிற வேலை மிச்சம்.”

“ரெண்டாயிரத்தி எட்டில நாட்டை விட்டுப் போனவன்ட நெத்தியில, ரெண்டாயிரத்தி ஒன்பதுல பட்ட காயம்.” நிம்றா போனைப் பைக்குள் போட்டாள். “அல்லாஹ்! நான் இப்ப கோல் எடுத்திருந்தா எல்லாத்தையும் எரிச்சிருப்பானுவள்.”

“அதுதான் பிள்ளை, போடட்டும்” என்று நாகேஸ்வரி மறுபடியும் சொன்னார். “சத்தியம் பண்ணிப் போடட்டும்.”

ஸவாஹிர் எழும்பினார். வாசலில் சுபோதினி அவர் காதில், “நானா, இந்த மனிசியை வேலைக்கு எடுங்கோ. எங்களை நிப்பாட்டுங்கோ” என்றாள்.

•

புதுக்கடை நீதிமன்றத்தில் மறுநாள் காலை. கறுப்புக் கோட்டுக்கள் ஏறும் படிகளில் கறுப்பாகவே வியர்வை. எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜனாதிபதி சட்டத்தரணி. மூத்தவர்களுக்கு அரசு கொடுக்கும் பட்டம் அது. அவருக்குப் பின்னால் கோப்புத் தூக்க இரண்டு பேர், தண்ணீர் போத்தல் தூக்க ஒருவர். பிரிகேடியர் முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சரணடைந்தவர்களை எண்ணத் தெரியாத மனிதர், பதக்கங்களை மட்டும் ஒன்றையும் தொலைக்கவில்லை.

பின்வரிசையில் புளோறன்ஸ். அவள் பிடியில் லெஸ்லியின் முழங்கை.

பிரிகேடியர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். நம்பகமான வழியில் கிடைத்த வீடியோ என்றார். இதில் இருப்பது மனுதாரரின் மகன், இவர் தமது பொறுப்பில் ஒருபோதும் இருந்ததில்லை, இவரைப் படம் எடுத்ததும் இல்லை, இரண்டாயிரத்தி எட்டிலேயே நாட்டை விட்டுப் போனவர் என்றார். திரையில் பாரிஸ் மகன் பேசினான். கொலரைச் சரிசெய்தான். லெஸ்லி தலையைக் குனிந்தான். புளோறன்ஸ் அவன் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இதைச் சான்றாக அடையாளமிட மனுதாரர் தரப்புக்கு ஆட்சேபமா?” என்று நீதவான் கேட்டார்.

நிம்றா எழும்பினாள். “ஆட்சேபம் இல்லை, கனம் நீதவான் அவர்களே.”

ஜனாதிபதி சட்டத்தரணி புன்னகைத்தார். பாவப்பட்ட பெண், வழி தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்த புன்னகை. வீடியோ வழக்கில் ஏறியது. இனி அதை இறக்க அவராலும் முடியாது.

நிம்றா உட்காரவில்லை.

“பிரிகேடியர், இந்த முகத்தில் புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கிறதா?”

“இருக்கிறது. தாய்க்கே தெரியும் அது.”

“தாய்க்குத் தெரியும். மனுவின் முதல் பக்கத்தில் எழுதியும் இருக்கிறார். உங்கள் பஸ்ஸில் ஏறப் போகும் வழியில் பட்ட காயம். அதற்கு முன் அந்த நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தைய வருடமே இந்தியா போனவருக்கு அது எப்படி வந்தது?”

பிரிகேடியர் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். “பாரிசில்... எங்காவது விழுந்திருக்கலாம்.”

சுபோதினி ஸவாஹிரிடம் குனிந்தாள். “ஐஃபில் கோபுரத்தில இருந்தாக்கும்.”

“இந்த வீடியோவில் உடம்பாக நடித்தவர் இந்த மன்றில் இருக்கிறார்” என்றாள் நிம்றா. லெஸ்லி எழும்பி நின்றான், அல்லது எழுப்பப்பட்டான். “அவர் சாட்சி சொல்லுவார். அபிஷனின் முகத்தை எடுத்த மூலப்படத்தை அவர் பார்த்திருக்கிறார். சட்டையில்லாமல், இலக்கப் பலகையோடு, புருவத்தில் கறுப்பு நூல் தையலோடு எடுத்த படம். அந்தப் படத்தை இந்த மன்றில் சமர்ப்பிக்கும்படி எதிர்க்கட்சியைக் கேட்கிறேன்.”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான்? அப்படி ஒரு படமே இல்லை என்றிருப்பான். கூலிக்கு நடித்தவன் பொய் சொல்கிறான் என்றிருப்பான். ஜனாதிபதி சட்டத்தரணி புத்திசாலிதான். ஆனால் இந்த வழக்கில் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர். பட்டியல் கேட்டபோது சொன்னார். பஸ் இலக்கம் கேட்டபோது சொன்னார். முகாமின் பெயர் கேட்டபோதும் சொன்னார். யோசிக்க முன்னமே எழும்பிவிட்டார்.

“ஆட்சேபிக்கிறேன்! அந்தப் படம் தேசிய பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இரகசியக் கோப்பில் உள்ள படத்தை மன்றில் வைக்க முடியாது.”

சொல்லி முடித்துக் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

நீதவான் பேனாவை மேசையில் வைத்தார். “எந்தப் படம்?”

ஜனாதிபதி சட்டத்தரணி பிரிகேடியரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்படி ஒருவரைக் கையேற்கவே இல்லை, படமே எடுக்கவில்லை என்று உங்கள் கட்சிக்காரர் இப்போதுதான் சத்தியம் செய்தார். நீங்கள் சொல்வது எந்தக் கோப்பில் உள்ள எந்தப் படம்?”

ஜனாதிபதி சட்டத்தரணியின் வாய் அசைந்தது. பின்னால் கோப்புத் தூக்கியவர் கோப்பைத் திறந்தார், மூடினார். தண்ணீர் போத்தல்காரர் போத்தலை நீட்டினார். பிரிகேடியர் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தார். நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது, முகம் மட்டும் அதைவிட்டு இறங்கிவிட்டது.

“மணி அடிச்சா கை போகும்” என்றார் ஸவாஹிர், தனக்குள்.

படத்தை மூலத்தோடு சமர்ப்பிக்கவும், அதுவரை பிரிகேடியர் நாட்டை விட்டுப் போகாமல் இருக்கவும் கட்டளை பிறந்தது. நீதவான் அதை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாவது தரம் ஜனாதிபதி சட்டத்தரணியைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

வெளியே படிக்கட்டில் லெஸ்லி நாகேஸ்வரியின் காலில் விழப் பார்த்தான்.

“எழும்பு தம்பி” என்றார் அவர். “உன்ர அழுகையைப் பாக்க எனக்கு நேரமில்லை. அந்தப் படத்தில அவன் எப்பிடி நிண்டவன்? சொல்லு.”

“செவத்துல சாஞ்சி நின்னாரும்மா. சொந்தக் கால்ல.”

“கண் திறந்திருந்ததா?”

“தொறந்திருந்திச்சு. நேரா பாத்துக்கிட்டு இருந்தாரு.”

நாகேஸ்வரி தலையாட்டினார். அழவில்லை. சுபோதினிதான் முகத்தைத் திருப்பி, துறைமுகப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெண்டிட்டம் அம்மா” என்றாள் நிம்றா.

“என்னத்தை வெண்டனாங்கள்? பிடிச்சனாங்கள் எண்டு அவங்களே சொன்னாங்கள். எனக்கு அது அண்டைக்கே தெரியும், நான்தானே கையசைச்சு அனுப்பினனான்.” அவர் ஸவாஹிர் பக்கம் திரும்பினார். “உயிரோட இருக்கிறான் எண்டு நான் சொல்லேல்லை தம்பி. நான் விசரியில்லை. ஆனால் நான் சீலைத் துண்டாலதான் கட்டிவிட்டனான். அதுக்குப் பிறகு ஆரோ அவனை இருத்தி, கறுப்பு நூலால தைச்சிருக்கினம். செத்தவனுக்கு ஆரும் தையல் போடுறதில்லை.”

ஸவாஹிர் ஒரு படி கீழே இறங்கி அவருக்கு நேரே நின்றார்.

“ஊசி பிடிச்ச அந்தக் கையைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ” என்றார் நாகேஸ்வரி. “நீங்கள் கையை வைச்சு ஆளைப் பிடிக்கிறவர்தானே.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் படியிறங்கினார். பகல் இடியப்பத்துக்கு நேரமாகிவிட்டது.